மல்லிகாவின் செட்டுகளும் என் மண்டபமும்

என்னைத் தேடி வருகிற இளம் வெளிக்கள உத்தியோகத்தர்கள் முதலில் என் முழங்கால் வலியை விசாரிப்பார்கள். பிறகு பிளேன்டீ குடிப்பார்கள். அது முடிந்ததும் மல்லிகாவைப் பற்றிக் கேட்பார்கள். போன வாரம் வந்த பிள்ளையும் அப்படித்தான். பதுளையில் எங்கள் நிறுவனம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு கைநூல் தயாரிக்கிறதாம்.

"மல்லிகா மிஸ்ஸோட முறையப் பத்தி நீங்கதான் எழுதணும் மிஸ். ஆரம்பத்துல இருந்து அவங்க கூடவே இருந்தவங்க நீங்கதானே" என்றாள்.

கூடவே இருந்தேனாம். நான் என்ன அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு திரிந்தவளா? எழுதித் தருகிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். எழுதுவதென்று வந்தபின் எனக்குத் தெரிந்தபடிதான் எழுத வேண்டும். மல்லிகாவின் மேல் எனக்குப் பொறாமை உண்டு. வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து உண்டு, ஓய்வு பெற்ற பிறகும் குறையவில்லை. பதுளை பசாரில் என் அப்பாவுக்குப் புடவைக்கடை இருந்தது. பக்கத்துக் கடையில் நாலு பேர் நின்றால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. நான் அந்த வீட்டுப் பிள்ளை.

மல்லிகாவின் அப்பா லுணுகலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கிளாக்கராக இருந்தவர். நானும் அவளும் ஒரே நேர்முகப் பரீட்சைக்குப் போய் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். பயிற்சிக் காலத்தில் ஒரே அறையில் தங்கினோம். குழுவை எப்படி உருவாக்குவது, எப்படி வளர்ப்பது, தலைமையை எப்படி இனங்காண்பது என்று அட்டைகளில் எழுதி ஒட்டிப் படிப்பித்தார்கள். நான் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தேன். மல்லிகா முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு தூங்கினாள். பயிற்சி முடிந்ததும் அவளுக்கு லுணுகலைப் பகுதியும் எனக்குப் பூனாகலைப் பகுதியும் கிடைத்தன.

செய்ய வேண்டிய வேலை இருவருக்கும் ஒன்றுதான். லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், குடியிருக்கிற சனங்கள் தங்கள் காரியங்களைத் தாங்களே கூடிப் பேசி நடத்த வேண்டும். ஊற்றுத் தண்ணீரைப் பங்கிடுவது, தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, சும்மா கிடக்கிற நிலத்தில் சேர்ந்து மரக்கறி போடுவது, இவையெல்லாம். யாரும் மேலிருந்து உத்தரவு போடக்கூடாது. நிறுவனம் இதற்கு வைத்த பெயர் சுயநிர்வாகக் கூட்டுறவுக் குழு. சனங்கள் 'செட்டு' என்றார்கள்.

எங்களுக்கு மேலதிகாரியாக இருந்தவர் ஜயவீர சேர். பண்டாரவளைக்காரர், சிங்களவர். தமிழை எங்கே படித்தார் என்று தெரியாது, ஆனால் நன்றாகப் பேசுவார், மரியாதை விகுதிதான் சில வேளை காணாமல் போகும். லயத்துக்கு வந்தால் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிடுவார். அவருக்கென்று ஓடிப்போய்க் கதிரை கொண்டுவருவார்கள். அதில் ஒரு வயசாளியை உட்கார வைத்துவிட்டு, தான் அடுப்புப் பக்கம் புகைக்குள்ளே போய்க் குந்திக்கொள்வார். சனங்களுக்கு முன்னால் ஒரு எழுத்தும் எழுத மாட்டார், எங்களையும் எழுத விட மாட்டார். கொடுத்த தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டுவரை குடிப்பார். பிறகு ஒரேயொரு கேள்வி கேட்பார்.

"கடைசியா சண்டை போட்டது எப்ப?"

சண்டையே இல்லை என்று நாங்கள் பெருமையாகச் சொன்னால் அவர் முகம் தொங்கிவிடும். "சண்டை இல்லாட்டி செட்டும் இல்ல" என்பார். திரும்பி வரும்போது ஜீப்பில் ஒரு வார்த்தை பேச மாட்டார். அந்த மௌனத்தில் உட்கார்ந்து வருவதைவிட நடந்தே வரலாம் என்று எனக்கு இருக்கும்.

என் பகுதியில் நான் ஒரு மண்டபம் கட்டினேன். கட்டினேன் என்றால் சும்மா இல்லை. பூனாகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் மேல் லயம், நடு லயம், பாலத்தடி லயம் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, எல்லாரும் உட்காருகிற மாதிரி ஒரு பெரிய குழு அமைத்தேன். அவ்வளவு பேரும் கூட இடம் வேண்டுமே. ஆறு மாதம் அலைந்து தோட்ட நிர்வாகத்திடம் இடம் வாங்கி, கொடையாளிகளைப் பிடித்து, தகரக்கூரை போட்டு, கதிரை போட்டு, பெயர்ப்பலகையும் மாட்டினேன். திறப்பு விழாவுக்கு நாதஸ்வரம் வைத்தோம். இன்றைக்கும் சொல்வேன், அது நல்ல மண்டபம்.

மல்லிகா மண்டபம் கேட்டு ஒரு விண்ணப்பமும் எழுதவில்லை. எழுதப் பஞ்சி, அவ்வளவு சோம்பல். அவள் லயத்துக்குப் போவாள், கொடுத்ததைச் சாப்பிடுவாள், யார் வீட்டிலாவது பாயைப் போட்டுப் படுத்து எழும்புவாள், சாயங்காலம் பஸ் ஏறுவாள். அவளுடைய செட்டு யாராவது ஒருவருடைய காம்பராவுக்குள்தான் கூடும். காம்பரா என்றால் லயத்தில் ஒரு குடும்பத்துக்கு இருக்கிற அந்த ஒற்றை அறை. அதற்கு முன்னால் ஒடுங்கலாக, திண்ணை மாதிரி ஒரு இஸ்தோப்பு. அவ்வளவுதான் லயத்து வீடு.

ஒருநாள் புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு உள்ளே இடமில்லை. இஸ்தோப்பில் உட்கார்ந்தார். வெளியே மழை கொட்டுகிறது, உள்ளே பேசுவது கேட்கவில்லை. கூட்டம் முடிந்து பார்த்தால் அவருடைய தண்ணீர் முறை விடியற்காலைக்கு மாறியிருக்கிறது. மனுசன் விடவில்லை.

"என்னைய வெளிய குந்த வச்சுட்டு என் தண்ணிய உள்ள பங்கு போட்டீங்களா?" என்று லயமே அதிர சண்டை போட்டார்.

அந்தச் செட்டில் காமாட்சி என்று ஒரு பெண். கொழுந்தெடுக்கிறவள், வாய் நீளம். அவள்தான் சொன்னாளாம், "ஆளு இஸ்தோப்புல உக்காந்தாச்சுன்னா வீடு பத்தலேன்னு அர்த்தம். கலியாணம் முடிச்ச மகனத் தனிக்குடித்தனம் வைக்கிறதில்லையா? அப்பிடித் தனியா வச்சிருவோம்."

செட்டு இரண்டானது. புதிய செட்டுக்குத் துணையாகப் பழைய செட்டிலிருந்து ஒரு குடும்பம் கூடவே போனது. சீர் கொடுப்பது போல விதைக்கிழங்கும் மண்வெட்டியும் கொடுத்து அனுப்பினார்கள். அன்றிலிருந்து அது அவர்கள் சட்டமாகிவிட்டது. யாராவது இஸ்தோப்பில் உட்கார வேண்டி வந்தால் அடுத்த மாதம் செட்டுப் பிரியும். கோபித்துக்கொண்டு பிரிவது கிடையாது, சாப்பாடு போட்டுத்தான் பிரிவார்கள்.

இன்னொரு வழக்கமும் அங்கேயே முளைத்தது. யாரும் கூப்பிடாமல் இன்னொரு தோட்டத்துக்குப் போய்ச் செட்டு அமைக்கமாட்டார்கள். அந்தத் தோட்டத்துச் சனங்கள் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து வந்து கேட்க வேண்டும். "கூப்பிடாத வீட்டுல போயி கை நனைக்க முடியுமா?" என்பாள் காமாட்சி. எப்படிக் கூப்பிடுவார்கள், யாருக்குத் தெரியும் என்று நான் சிரித்தேன். சிரித்த வாயை மூட வேண்டி வந்தது. மலைநாட்டில் ஒரு தோட்டத்துக்கு இன்னொரு தோட்டம் சம்பந்தி வீடுதானே. இங்கே செட்டுக்குள் வளர்ந்த பெண் அங்கே வாழ்க்கைப்பட்டுப் போவாள். பிள்ளை பிறந்ததும், எங்க பக்கத்தில் இப்படி இல்லையே என்று புலம்புவாள். மாமியார் கேட்பாள், நாத்தனார் கேட்பாள். அடுத்த திருவிழாவுக்குள் தாம்பாளம் வந்துவிடும். பொருள் தட்டுப்பாடு வந்து, எண்ணெய்க்கும் மாவுக்கும் சனங்கள் வரிசையில் நின்ற காலத்தில் இன்னும் வேகமாக வந்தது. செட்டு இருந்த லயங்களில் கிழங்கும் போஞ்சியும் இருந்தன.

அலுவலகச் சுவரில் ஊவா மாகாண வரைபடம் ஒன்று தொங்கியது. குழு உள்ள இடத்திலெல்லாம் சிவப்புக் குண்டூசி குத்துவது வழக்கம். லுணுகலைப் பக்கம் அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது. பூனாகலைப் பக்கம் என்னுடைய ஒற்றைக் குண்டூசி நின்றது. பெரிய குழு என்பதால் அதற்குக் கொஞ்சம் பெரிய ஊசி வேண்டும் என்று நான் சேரிடம் கேட்டதும் உண்டு. அவர் ஊசிப் பெட்டியை மூடிவைத்தார். மல்லிகா வருவாள், பையை மேசையில் போடுவாள், "சந்திரா, இன்னும் ரெண்டு முளைச்சிருச்சுடி" என்பாள். அவளே ஆச்சரியப்படுவது போலத்தான் சொல்வாள். அவள் கொஞ்சம் பீற்றிக்கொண்டிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

கஷ்டமான விஷயத்துக்கு வருகிறேன். என் மண்டபத் தோட்டத்தில் மானாப்புல் மண்டிக் கிடந்த ஒரு சரிவை, மரக்கறி போடச் சொல்லி நிர்வாகம் குழுவுக்குக் கொடுத்திருந்தது. தரிசாகப் போட்டால் திருப்பி எடுப்போம் என்பது பேச்சு. இரண்டு போகம் நன்றாகத்தான் விளைந்தது. பிறகு ஒரு மழையில் மேட்டிலிருந்து மண் சரிந்து, ஊற்றிலிருந்து வருகிற தண்ணீர்க் குழாயைப் பல இடத்தில் உடைத்துவிட்டது. மேல் லயத்துக்குச் சொட்டுச் சொட்டாக வந்தது, பாலத்தடிக்கு ஒன்றுமே இல்லை. தோட்டம் காய்ந்தது, புல் திரும்பவும் ஏறியது. தோட்ட மனேஜர், அதாவது தொரை, வந்து பார்த்தார். தைப்பொங்கல் முடிந்து வருவேன், அப்போதும் இப்படியே கிடந்தால் யூக்கலிப்டஸ் நடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் கூட்டம் கூட்டினேன். மண்டபம் நிறைந்தது. குழாயை எல்லாரும் சேர்ந்து திருத்துவோமா என்று கேட்டேன், எல்லாக் கையும் தூக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு நான் போய் நின்றேன். குழுத் தலைவி புவனா வந்தாள், அவள் புருசன் வந்தான், வேறு ஈ காக்கை இல்லை. திரும்பவும் கூட்டம், திரும்பவும் கை. மேல் லயத்தார் முன்வரிசையில் இருந்து பேசினார்கள், பாலத்தடியார் பின்னால் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள், பிறகு கேட்பதற்கும் வரவில்லை. அந்த நிலம் போனால் அந்த மூன்று லயத்துக்கும் திரும்பக் கிடைக்காது. இதை எல்லாரும் அறிந்திருந்தார்கள், நானும்தான்.

அந்த நாட்களில் ஒரு காலை, பண்டாரவளைக்குப் போவதற்காகப் பதுளை பஸ் நிலையத்தில் நின்றேன். பண்டாரவளையிலிருந்து வந்த பஸ்ஸில் புவனா இறங்கினாள். பின்னால் பாலத்தடி லயத்துப் பெண்கள் இரண்டு பேர். மூவரும் பட்டுப்புடவை.

"எங்க புவனா, காலையிலேயே?"

"சும்மாதாங்க மிஸ். லுணுகல வரைக்கும்."

"அங்க யாரு இருக்கா?"

"சொந்தக்காரவுங்க..." அவள் கையிலிருந்த பையை மற்றக் கைக்கு மாற்றினாள். உள்ளே தாம்பாளத்தின் விளிம்பும் வெற்றிலைக் காம்பும் தெரிந்தன.

"கலியாணமா?"

"அப்பிடியும் வச்சுக்கலாங்க மிஸ்" என்றாள் பின்னால் நின்றவள். புவனா அவளை முறைத்தாள். பிறகு என்னை நேராகப் பார்த்தாள். "கோவிச்சுக்காதீங்க மிஸ். பொங்க வருது. நெலம் போயிரும். ஒரு தடவ கூப்பிட்டுப் பாப்போமேன்னு."

கோபமில்லை என்று சொன்னேன். லுணுகலை பஸ் எந்த இடத்தில் நிற்கும் என்று அவர்களுக்குக் காட்டியதும் நான்தான். அவர்கள் ஏறிப்போன பிறகு, கட்டிய புருசன் மாலையோடு இன்னொருத்தி வீட்டுப் படியேறுவதைப் பார்த்தவளுக்கு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. பண்டாரவளைக்குப் போகவில்லை. நேரே அலுவலகத்துக்குப் போய் சேர் முன்னால் நின்றேன்.

"சேர், மல்லிகாவோட ஆக்கள் என் பகுதிக்குள்ள வரப்போறாங்க."

"மல்லிகா அனுப்பினதா?"

"இல்ல சேர். அவளுக்குத் தெரியுமோ என்னமோ. எங்க சனம்தான் வெத்தில வச்சுக் கூப்பிடப் போயிருக்கு."

"அப்போ நல்லதுதானே."

அவர் தனக்கு ஊற்றிய தேத்தண்ணியை என் பக்கம் தள்ளிவைத்தார்.

"சந்திராவுக்குக் கோபம்."

"கோபமில்ல சேர்."

"அப்போ பொறாமை." பிஸ்கட் எடுத்துக்கொள் என்று சொல்கிற மாதிரி அதைச் சொன்னார். "பரவாயில்ல, அது இருக்கட்டும். ஆனா அவங்க வந்து போற வரைக்கும் சந்திரா அந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டாம்."

என் வேலைக் காலத்தில் எனக்குக் கிடைத்த உத்தரவுகளில் அதுதான் கொடூரமானது. போகவில்லை. ஆனால் கையில் ஃபோன் இருந்ததே. அங்கே பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்த ரஞ்சி எனக்குப் பழக்கம். நாளுக்கு ஒருதரம் அவளைக் கூப்பிட்டு, பிள்ளைகளுக்குச் சளி எப்படி என்று ஆரம்பிப்பேன்.

"வந்திட்டாங்களா?"

"வந்திருக்காங்க மிஸ். காமாட்சின்னு ஒரு அக்கா, அவங்க நாத்தனா, ஒரு பெரியவரு."

"மல்லிகா?"

"அவங்க வரல்லிங்க."

அவள் வராமலே வந்துவிட்டாள். அது இன்னும் எரிந்தது. "என்ன செய்யிறாங்க?" என்றேன்.

"ஒண்ணுமே செய்யலிங்க மிஸ். சாப்பிடுறாங்க. எங்க கூட மலைக்கு வந்து கொழுந்தெடுத்தாங்க. காமாட்சி அக்கா நல்லாப் பாடுது."

அடுத்த நாள் ஊற்றுவரை ஏறிப் பார்த்தார்களாம். அதற்கடுத்த நாள் சாயங்காலம் மண்டபத்தைத் திறந்துவிட்டு எல்லாரும் காத்திருக்க, காமாட்சி அங்கே போகவே இல்லை. பாலத்தடியில் ஒரு காம்பராவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, இந்தப் பீலியில் தண்ணீர் பிடிக்கிறவர்கள் மட்டும் வாங்க என்றாளாம். பின்வரிசையில் வாய் திறக்காதவர்கள் எல்லாம் அங்கே பேசியிருக்கிறார்கள். அறை நிறைந்தது. மேல் லயத்தார் விஷயம் கேட்டு இறங்கி வந்து இஸ்தோப்பில் உட்காரப் பார்த்தார்கள்.

"நீங்க வேற செட்டு. ஒங்க காம்பராவுக்கு நாளைக்கு நானே வாறேன். இப்ப போயி ஒல வைங்க" என்று காமாட்சி அவர்களை அனுப்பிவிட்டாளாம்.

இப்படித்தான் என்னுடைய ஒரு பெரிய குழு உடைந்து சின்னச் சின்னச் செட்டுகளானது. குழாய் எந்த லயத்து வழியாகப் போகிறதோ அந்தத் துண்டு அந்த லயத்துச் செட்டுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். யார் துண்டில் ஒழுகுகிறது என்று சண்டை பிடித்தார்கள். ஃபோனில் ரஞ்சியின் குரலைவிட அந்தச் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. சண்டை பிடித்துக்கொண்டே திருத்தினார்கள். பொங்கலுக்கு முன்பே பாலத்தடிக்குத் தண்ணீர் வந்துவிட்டது. தொரை வந்தபோது சரிவு முழுக்கக் கொத்தி, கிழங்கு நட்டு, போஞ்சிக்குக் கம்பும் ஊன்றியிருந்தார்கள். யூக்கலிப்டஸ் கன்றுகள் வேறு பக்கம் போயின.

நிலம் தப்பியதில் எனக்குச் சந்தோஷம்தான். மனசாரச் சந்தோஷம். அதே மனசு, இது என் மண்டபத்தில் நடந்திருக்கக் கூடாதா என்றும் கேட்டது. வருடத்துக்குள் அந்தச் செட்டுகளும் பிரிந்தன. பக்கத்துத் தோட்டங்களில் இருந்து தாம்பாளம் வந்தது, புவனாவே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய் வந்தாள். வரைபடத்தில் என் பக்கமும் சிவந்தது. ஜயவீர சேர் தன் கையாலேயே ஊசி குத்தினார், எந்தப் பக்கமென்று பார்த்துக் குத்துகிற மாதிரியே தெரியவில்லை. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இரண்டு பக்கமும் மல்லிகாவின் முறைதான். மண்டபத்தில் இப்போது கலியாணம் நடக்கிறது.

போகலாம் என்று சேர் உத்தரவு தந்த பிறகு நான் போன முதல் நாளைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். நல்ல மழை. புவனாவின் காம்பராவில் கூட்டம். உள்ளே கட்டிலில், அரிசிப்பெட்டியில், அடுப்படியில் எல்லாம் ஆள். நான் இஸ்தோப்பில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தேன். உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று பாதிதான் கேட்டது. பேச்சு முடிந்து புவனா வாசலுக்கு வந்தாள். அவளைப் பார்த்ததும் எனக்கு ஒரு ஆசை வந்தது. விளையாட்டாகக் கேட்பது போலக் கேட்டேன்.

"நான் இஸ்தோப்புல உக்காந்துட்டேனே புவனா. அப்ப ஒங்க செட்டு பிரியணுமா?"

"ஐயோ, இல்லைங்க மிஸ்" என்றாள் புவனா. என் மனசு நோகக்கூடாதென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்களத்தான் நாங்க கணக்குல சேக்கிறதில்லியே. நீங்க வந்துட்டுப் போறவுங்க. இருங்க, மொதல்ல ஒங்களுக்குத்தான் தேத்தண்ணி."

தேத்தண்ணியைக் குடித்தேன். இஞ்சி தட்டிப் போட்டு நன்றாகத்தான் இருந்தது. ஊருக்கு வந்ததும், யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. சொல்வதற்கு எனக்கு யார் இருக்கிறார்கள்? மல்லிகாவைத்தான் ஃபோனில் கூப்பிட்டேன். புவனா சொன்னதை அப்படியே சொன்னேன்.

"எனக்கும் சொல்லியிருக்காங்கடி" என்றாள். "ரொம்ப முந்தியே. காமாட்சிதான் சொன்னா. இதே மாதிரி, கணக்குல இல்லேன்னு."

"நீ என்ன சொன்ன?"

"என்ன சொல்றது? சந்தோஷமா இருந்துச்சு. இனி நாம இல்லாட்டியும் ஓடும்னு நெனச்சேன். வர்ற வழியில மீன் வாங்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன்."

அவள் பொய் சொல்லத் தெரியாதவள். அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு உண்மையாகவே சந்தோஷப்பட்டு, உண்மையாகவே மீன் வாங்கிக்கொண்டு போயிருப்பாள். லுணுகலைச் செட்டுகளை நான் அவளுக்கு மன்னித்துவிட்டேன். வரைபடத்தையும், பாலத்தடித் தண்ணீரையும், இந்தக் கைநூலையும்கூட மன்னித்துவிடுவேன். அந்தச் சந்தோஷத்தை மட்டும் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.